தலைவர் உயிரோடு இருந்த செய்தி

சென்ற மாதம் திருப்பதியில் ஒரு கருத்தரங்குக்கு என்னை அழைத்திருந்தார்கள். தலைப்பு, 'உள்ளூர்ப் பத்திரிகைகளின் வீழ்ச்சியும் மறுமலர்ச்சியும்'. ஏசி மண்டபம், மேடை ஓரத்தில் பூந்தொட்டிகள், ஆளுக்கொரு சால்வை. பேச வந்தவர்களில் ஒருவர் ரேணிகுண்டாவில் விமானம் இறங்கி நேராக மண்டபத்துக்கு வந்தவர். உள்ளூர்ப் பத்திரிகை அழியக் கூடாது என்று கண்கலங்கப் பேசினார். தேநீர் இடைவேளையில், உங்கள் ஊரில் என்ன பத்திரிகை வருகிறது என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இன்னொருவர் மறுமலர்ச்சிக்காக ஒரு செயலி தயாரித்துக்கொண்டிருந்தார். ஊர்ச் செய்தியை ஊராரே எழுதிப் போடுவார்களாம், கணினி அதைத் திருத்திக் கொள்ளுமாம், நடுவில் ஆட்களே தேவையில்லையாம். ஆட்கள் தேவையில்லாத அந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவள் என்பதால் என்னை 'வாழும் சாட்சி' என்று அறிமுகப்படுத்தினார்கள். பேச ஐந்து நிமிடம் தந்தார்கள். அதில் பாதி, மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்ப்பதில் போயிற்று. மீதியில் எல்லோருக்கும் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கிருஷ்ணவேணி. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆந்திராவில் இருந்துகொண்டு தமிழ் படித்த பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று என் நைனாவுக்குப் பெரிய கவலை. சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஊரின் நீவா ஆற்றுப் பெயரில் 'நீவாக்கரை' என்ற தமிழ் வாரப் பத்திரிகை நடந்துகொண்டிருந்தது. பிழை திருத்த ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே பிழை திருத்துகிறவர், நிருபர், விளம்பரம் கேட்டுப் போகிறவர், கட்டுக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவர் எல்லாம் ஒரே ஆள் என்று. வேலை பழக எவ்வளவு நாளாயிற்று என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். பழகவே நேரம் கொடுக்கவில்லை. முதல் வாரமே மாங்காய் மண்டிக்கு அனுப்பினார்கள். நான் எழுதி வந்த விலையைப் பார்த்து வியாபாரிகள் சிரித்தார்கள், விவசாயிகள் அழுதார்கள். இரண்டு தரப்பும் சொன்னது ஒன்றுதான்: விலை சரி. அதற்குமேல் பயிற்சி எதுவும் எனக்கு நினைவில்லை.

ஆசிரியர் சோமசேகரன் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்ததைப் பென்சிலால் தடவிக்கொண்டே வாசிப்பார். ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்று, "இதை யாரு பாத்தது?" என்பார். கூட்டம் அலைமோதியது என்று எழுதினால், எத்தனை பேர், நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்று கேட்பார். அப்படிக் கேட்டால் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். மக்கள் கொதிப்பு என்று எழுதினால், கொதித்தவர்களின் பெயரைக் கேட்பார். பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார், அவரும் நமக்குச் செய்தி சொன்னவராகவே இருப்பார்.

மரணச் செய்தி விஷயத்தில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. யார் வந்து சொன்னாலும் தானே அந்த வீட்டுக்குப் போன் செய்வார். இறந்துவிட்டாரா என்று கேட்கவே மாட்டார். "ஐயா இருக்காரா, பேசலாமா?" என்பார். இல்லை என்றால் அந்தப் பக்கம் அழுகை வரும், வருத்தம் சொல்லிவிட்டு விவரம் கேட்பார். ஒருமுறை இறந்தவரே போனை எடுத்து, பேசுங்கள் என்றார். ஆசிரியர் கொஞ்சமும் தடுமாறாமல், இந்த வருஷம் உங்கள் பக்கம் மழை எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்தார். வீட்டுக்காரர்களைத் தவிர வெளியாள் ஒருவரும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். பெயரையும் இனிஷியலையும் அவர்களையே சொல்லவைத்து எழுதிக்கொள்ள வேண்டும். பிழையாகப் போட்டுவிட்டால் அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே இடத்தில், வருந்துகிறோம் என்று போட வேண்டும். ஒரு கட்டத்தில் சிலர் எங்கள் பத்திரிகையை அந்த வருத்தத்துக்காகவே வாங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

வீழ்ச்சி எப்படி வந்தது என்று கருத்தரங்கில் நிறைய படம் போட்டுக் காட்டினார்கள். எனக்குத் தெரிந்த வீழ்ச்சி அவ்வளவு அழகாக இல்லை. பிள்ளைகள் தெலுங்கு மீடியத்துக்கும் இங்கிலீஷ் மீடியத்துக்கும் போனார்கள். வீட்டில் தமிழ் வாசிக்கிறவர்களுக்குக் கண் மங்கியது. பிறந்தநாள் வாழ்த்து விளம்பரங்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அவை ரோட்டோர ஃப்ளெக்ஸ் பேனருக்குப் போய்விட்டன. பத்திரிகையில் போட்டால் தலைவரின் முகம் உள்ளங்கை அளவு, பேனரில் போட்டால் பனைமர உயரம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதே நேரத்தில் தெருவுக்கு ஒரு சேனல் முளைத்தது. செல்போன் ஒன்று, சேனல் பெயர் எழுதிய பெரிய டப்பா மாட்டிய மைக் ஒன்று, வண்டியில் பிரஸ் என்று ஒரு ஸ்டிக்கர். ஒரு பிரஸ் மீட்டில் பேசியவரின் முகமே தெரியாத அளவுக்கு மைக் டப்பாக்கள் இருந்தன. பேசி முடித்ததும், யாருக்காவது கேள்வி உண்டா என்றார் அவர். யாரும் கேட்கவில்லை, எல்லோரும் ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்கள். புத்தூர்ப் பக்கத்தில் ஒரு பால் வண்டியிலும் பிரஸ் ஸ்டிக்கர் பார்த்தேன். விசாரித்தால், அவரும் வாட்ஸ்அப்பில் செய்தி போடுகிறாராம். பால் கறந்தவுடன் வருவது போலச் செய்தியும் சூடாக இருக்கும், தண்ணீர் எவ்வளவு என்பதுதான் தெரியாது.

இந்தக் காலத்தில்தான் கங்காதரம் செத்துப்போனார்.

கங்காதரம் முன்னாள் மண்டலத் தலைவர். நல்ல பேச்சாளர். வெட்டாத ரிப்பன் இல்லை. அவருடைய பிறந்தநாளுக்காக சித்தூர் – திருப்பதி சாலையில் புத்தலப்பட்டு அருகே ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் தன் முகம் பெரிதாக இருக்கிறதா, கூட இருந்தவர்களின் முகம் பெரிதாக இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம். தானே வந்து பார்த்ததாக யாருக்கும் தெரியக் கூடாது என்று, விடிந்ததும் தனியாக ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்தால் முழு பேனரும் தெரியவில்லை. பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். சாலைக்கே வந்துவிட்டார்.

அந்த நேரம் ஏழுமலை தன் லோடு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தான். எல்லைக் கிராமத்துத் தமிழ்ப் பையன். அந்தப் பக்கத்தில் நிலமில்லாமல் கூலி செய்துகொண்டிருந்த குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்தபோது நான்தான் போய் எழுதினேன். அவன் வீடும் அதில் ஒன்று. ஜூஸ் ஃபாக்டரியில் மாங்காய் இறக்கிவிட்டுத் திரும்பியவன், பிரேக் போட்டும் வண்டி தலைவரின் மேல் உரசிவிட்டது. அவர் விழுந்தார், கால் உடைந்தது, வலியில் மயக்கம். அவருடைய போன் சாலையில் சிதறியது. ஏழுமலை நினைத்திருந்தால் ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். இறங்கி, மாங்காய்க்குப் போட்டிருந்த வைக்கோலின் மேல் அவரைத் தூக்கிப் படுக்கவைத்தான். வழியில் கண் விழித்தவர் ஆஸ்பத்திரி வேண்டாம், புத்தூருக்கு விடு, அங்கே கட்டுப் போட்டால்தான் கால் நிற்கும் என்றார். அத்தனை தூரமும் மெதுவாக ஓட்டிப்போய், அங்கே சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

இதற்கு நடுவில், மயங்கிக் கிடந்தவரை ஏழுமலை வண்டியில் ஏற்றியதை யாரோ பஸ் ஜன்னலிலிருந்து படம் எடுத்துவிட்டார். ஒரு சேனல், கங்காதரம் காரு இக லேரு என்று போட்டது. கங்காதரம் அவர்கள் இனி இல்லை என்று அர்த்தம். அடுத்த சேனல், உடலை ஆட்டோவில் கடத்தினார்கள் என்றது. அதற்கடுத்தது, எதிர்க்கட்சியின் சதியா என்று கேட்டது. காபி குடித்து முடிப்பதற்குள் மாவட்டமே துக்கத்தில் இருந்தது. ஆட்டோவின் நம்பர் படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

எங்கள் அலுவலகத்துக்கும் செய்தி வந்தது. ஆசிரியர் வழக்கம்போல வீட்டுக்குப் போன் போட்டு, ஐயா இருக்காரா என்றார். எடுத்தவர் ஓவென்று அழுதார். அழுகை நின்ற பிறகு ஆசிரியர் நிதானமாக, நேரில் பார்த்தீர்களா என்றார். போனில் பார்த்தேன் என்று பதில் வந்தது. வீட்டு அம்மாவிடம் கொடுங்கள் என்றார். அந்த அம்மா அதிர்ச்சியில் உள்ளே படுத்திருக்கிறார், யாரையும் பார்ப்பதில்லை என்றார்கள். ஆசிரியர் போனை வைத்தார்.

"வேணிம்மா, இன்னும் யாரும் பாக்கல" என்றார்.

அடுத்து எனக்கு ஏழுமலையின் மனைவி தேவகி போன் செய்தாள்.

"அக்கா, அவரு சாவலக்கா. எங்க வூட்டுக்காரருதான் புத்தூர்ல கொண்டுபோய் வுட்டு வந்துக்கிறாரு. சொன்னா யாரும் நம்ப மாட்டேன்றாங்க. வூட்டச் சுத்தி நின்னுக்கினு கீறாங்க. வண்டி கண்ணாடிய ஒடச்சிட்டாங்க. கதவ தொறந்தா அவர அடிச்சே போட்டுருவாங்க."

அவன் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தான் என்பதற்கு அவன் ஒருவனே சாட்சி, குற்றவாளியும் அவனே. போலீசுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறார்கள். இறந்தவர் இறந்தாரா இல்லையா என்று எழுத்தில் வந்தால்தான் எந்தப் பிரிவில் பதிவு செய்வது என்று முடிவாகும் என்றார்களாம். எதற்கும் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பியிருந்தார்கள். அவர் கூட்டத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நேரில் போய்க் கண்ணால் பார், அவர் வாயால் பெயரைச் சொல்லச் சொல், என்று ஆசிரியர் என்னைப் புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் முழுக்க கங்காதரத்தைப் பற்றியே பேச்சு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, அவர் சாவதைத் தன் மச்சான் பார்த்ததாகச் சொன்னார். இருபக்கமும் வண்டிகள் போகும் சாலையில் ஒரு மனிதன் தனியாகச் செத்ததை அன்றைக்கு எத்தனை மச்சான்கள் பார்த்திருந்தார்கள் என்று எண்ண முடியவில்லை.

புத்தூரில் கட்டுப் போடும் இடத்தில் வரிசையாகக் கட்டில்கள். கைகட்டு, கால்கட்டு, இடுப்புக் கட்டு. கடைசிக் கட்டிலில் கங்காதரம், இடது காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டோடு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் மகனிடம் போனைக் கடன் வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். வலியாக இருக்கும் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார்.

"இவனப் பாரும்மா. நா நல்லா இருந்தப்ப ஒரு நாளும் என்னத் தலைவர்னு கூப்ட்டதில்ல. இன்னிக்கு ஈடு செய்ய முடியாத இழப்புன்னு போட்டுக்கிறான்."

சுற்றிலும் உள்ள கட்டில்காரர்கள் தலையாட்டினார்கள். காலையிலிருந்து அவர் ஒவ்வொரு இரங்கலையும் சத்தமாக வாசித்து, அதில் எது உண்மை, எது நடிப்பு என்று அவர்களிடம் தீர்ப்புக் கேட்டிருக்கிறார். கைகட்டுப் போட்ட ஒருவர் எல்லாவற்றையும் நடிப்பு என்று சொல்லிவிட்டதால் அவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

பெயரைச் சொல்லச் சொன்னேன். முழுப் பட்டத்தோடு சொன்னார். ஏழுமலை வீட்டில் நடப்பதை நான் சொன்னதும் கொஞ்சம் முகம் மாறினார்.

"அவன் மஞ்சிவாடும்மா, நல்ல பையன். ஒன்னும் ஆவாது. சாயங்காலம் வரைக்கும் வுட்டுடு. பெரிய ஆளுங்க ரெண்டு பேரு இன்னும் எதுவும் போடல. அவங்க இன்னா போடறாங்கன்னு பாத்துட்டு நானே சொல்லிக்கிறேன்."

அப்புறம்தான் தெரிந்தது, மனைவிக்கு மட்டும் காலையிலேயே போன் செய்து சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லாதே, வருகிறவர்களுக்கு முன்னால் அழுதுகொண்டிரு என்றும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, எனக்கு அழ வராது, வேண்டுமானால் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாராம். மனைவி அதிர்ச்சியில் மயக்கம் என்று ஒரு சேனல் அதையும் நேரலையாகக் காட்டியது. மூடிய கதவைத்தான்.

நூறு பேர் சூழ்ந்த வீட்டுக்குள் ஒருவன் இருக்கிறான், இவர் இரங்கல் வாசித்துக்கொண்டிருக்கிறார். கத்தியிருப்பேன். அதற்கு முன் ஆசிரியருக்குப் போன் செய்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். அவரிடம் கொடு என்றார். போனின் ஒலியைப் பெரிதாக வைத்துக் கட்டிலின்மேல் வைத்தேன்.

"ஐயா இருக்காரா, பேசலாமா?" என்றார் ஆசிரியர்.

கங்காதரம் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். கடைசியில், இருக்கிறேன் என்றார்.

"சந்தோஷம். எங்க கிட்ட ரெண்டு செய்தி இருக்குது. ஒன்னு, நீங்க உசுரோட இருக்கீங்க. இன்னொன்னு, நீங்க உசுரோட இருந்துக்கினே அதச் சொல்ல வேணாம்னு சொன்னீங்க. எதப் போடட்டும்?"

கங்காதரம் கட்டில் வரிசையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கைகட்டுக்காரர் மட்டும் மெல்லச் சிரித்தார்.

"சரே" என்றார் தலைவர் கடைசியில். "எந்த போட்டோ போடுவீங்க?"

டீக்கடையில் இரவல் வாங்கிய அன்றைய நாளேட்டை அவர் கையில் பிடிக்கவைத்துப் படம் எடுத்தேன். கால்கட்டு தெரியாமல் இடுப்புக்கு மேல் எடுக்கச் சொன்னார். நான் முழுதாக எடுத்தேன். அதை உடனே வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். அரை மணி நேரத்தில் பதில்கள் வந்து குவிந்தன. பழைய படம் என்றார்கள். ஏஐ என்றார்கள். விரல்களை எண்ணிப் பார்த்து, ஆறு இருப்பதாக ஒருவர் வட்டம் போட்டே காட்டினார். காலையில் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த மங்கலான படத்தை நம்பியவர்களில் ஒருவர்கூட இதை நம்பவில்லை.

எங்கள் பத்திரிகை வியாழக்கிழமைதான் வரும். அன்று செவ்வாய். தாளில் போடு, இப்போதே போடு, ஒரே பக்கம் போதும் என்றார் ஆசிரியர். பஸ் ஸ்டாண்டு அருகே கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு டிடிபி கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கணினியில் இரண்டு விதமான பார்டர்தான் வைத்திருந்தார். சுபத்துக்கு ஒன்று, கருமாதிக்கு ஒன்று. இது எதில் சேரும் என்று அவருக்குப் புரியவில்லை. பார்டரே வேண்டாம் என்றேன். மேலே 'நீவாக்கரை' என்று பத்திரிகையின் பெயர். கீழே ஆசிரியர் போனில் சொல்லச் சொல்ல எழுதினேன். முன்னாள் மண்டலத் தலைவர் கங்காதரம் உயிரோடு இருக்கிறார். பேனரைப் பார்க்கச் சாலையில் பின்னால் நகர்ந்தபோது ஆட்டோ உரசி இடது கால் உடைந்தது. அவரைப் புத்தூரில் கொண்டுவந்து சேர்த்தவர் ஆட்டோ ஓட்டுநர் ஏழுமலை. நேரில் பார்த்து எழுதியவர் கிருஷ்ணவேணி. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம், விலாசம் இது, போன் நம்பர் இது. மறுபக்கத்தில் அதையே கடைக்காரர் தெலுங்கில் போட்டார். மிகவும் வருத்தத்துடன் என்று ஒரு வார்த்தையைப் பழக்கதோஷத்தில் சேர்த்துவிட்டார், எடுக்கவைத்தேன்.

அச்சடித்த காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏழுமலையின் கிராமத்துக்குப் போனேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஏழுமலை வீட்டு முன்னால் லோடு ஆட்டோ கண்ணாடி நொறுங்கி நின்றது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவன் சீனு, கங்காதரத்தின் ஆள், தோளில் கறுப்புத் துண்டு. ஒரு காகிதத்தை அவன் கையில் கொடுத்தேன், மற்றவர்களுக்கும் கொடுத்தேன்.

"பேப்பர்ல எத வேணா அடிப்பாங்க" என்று சீனு கசக்கினான்.

கூட்டத்தில் வெற்றிலை மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர், தன் கையிலிருந்த காகிதத்தை இரண்டு பக்கமும் வாசித்தார். தெலுங்குப் பக்கத்தை மீண்டும் வாசித்தார்.

"இவங்க என் தம்பி பேர ஒரு வாட்டி தப்பா போட்டுட்டாங்க. நா ஒன்னும் கேக்கவே இல்ல, அடுத்த வாரம் அவங்களே தப்புன்னு போட்டாங்க. இதுல போய்ப் பாருங்கன்னு அட்ரஸ் குடுத்துக்கிறாங்க. பொய் சொல்றவன் அட்ரஸ் குடுப்பானாடா?"

சேனல்காரர்கள் யாரும் விலாசம் கொடுக்கவில்லை என்பது கூட்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. யாரோ நம்பருக்குப் போன் போட்டார். மறுமுனையில், பக்கத்துக் கட்டில்காரரின் மகனுடைய போனைக் கங்காதரமே எடுத்தார். மைக் இல்லாமல் அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஒரேய் சீனு, அந்தப் பையன வுட்டுடுரா. என்ன எடுத்துக்கினு வந்ததே அவன்தான்."

கூட்டம் அப்படியே வண்டிகளில் ஏறிப் புத்தூருக்குக் கிளம்பியது. உடலுக்குப் போட வாங்கிய மாலைகள் வீணாகக் கூடாது என்று அவற்றையும் எடுத்துப்போனார்கள். போய் அவற்றை உயிரோடு இருந்தவரின் கழுத்திலேயே போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்க்காததால் அதை நாங்கள் போடவில்லை.

தேவகி கதவைத் திறந்தாள். ஏழுமலை வெளியே வந்தான். உதட்டில் காயம், முதலில் வந்தவர்கள் போட்ட அடி. உடைந்த கண்ணாடியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"அக்கா, இனிமே ரோட்ல யாராச்சும் வுழுந்து கெடந்தா தூக்கறதா, வேணாமா?"

எழுதுகிறவளுக்கு எல்லாவற்றுக்கும் வார்த்தை இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

"தூக்காம இன்னா பண்ணுவே நீ" என்றாள் தேவகி. சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

வியாழக்கிழமை இதழ் தீர்ந்துபோனது. அச்சடித்தது போதவில்லை. கங்காதரம் ஒரு மறுப்பு அனுப்பியிருந்தார். தான் பேனரைப் பார்க்கப் பின்னால் நகரவில்லை, சூரிய உதயத்தைப் பார்த்தேன் என்று. பேனர் மேற்குப் பக்கம் இருந்ததா கிழக்குப் பக்கம் இருந்ததா என்று ஆசிரியர் என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். பேனர் கிழக்குப் பக்கம்தான். ஆகவே அவர் சொல்வதற்கும் இடம் இருக்கிறது என்று மறுப்பை முழுதாகப் போட்டார். தாங்க முடியவில்லை எனக்கு. நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதான், அவருக்குக் கூட, என்றார். இரங்கல் பேனர்கள் எல்லாம் வீணாகவில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் 'கண்ணீர் அஞ்சலி' என்ற இடத்தில் 'நலம் பெற வாழ்த்துகிறோம்' என்று ஒரு பட்டையை ஒட்டிக் கொடுத்தார். இரங்கல் தெரிவித்தவர்களின் பதிவுகளை எல்லாம் கங்காதரம் படம் பிடித்து வைத்திருந்தார். அடுத்த தேர்தலில் அவர்களில் யாராலும் அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை. ஏழுமலையின் மேல் போட்ட வழக்கு மட்டும் நடந்தது, நெடுநாள் இழுத்துப் பிறகு தள்ளுபடியானது. தன் சாட்சியத்தில் கங்காதரம் நல்லபடியாகவே சொன்னார். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நடந்தும் பத்திரிகை பிழைக்கவில்லை. அந்த ஒரு வாரம் எல்லோரும் வாங்கினார்கள். அடுத்த வாரம் யாரும் சாகவில்லை. அச்சகம் மூடியது, ஆசிரியருக்குக் கண் அறுவை, மகளோடு போய்விட்டார். எனக்கு ஓய்வு வயது வரவில்லை, பத்திரிகைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று உறுதியாகத் தெரியாமலே காலம் போனது.

திருப்பதிக் கருத்தரங்கு முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஒரு பெண் வந்து பேசினார். பெயர் பார்கவி, நாற்பது வயது இருக்கும். ஒரு நாளேட்டுக்குப் பல வருஷம் பகுதிநேர நிருபராக இருந்தவர். செய்தியைவிட விளம்பரம் அதிகம் கேட்டார்கள் என்று விட்டுவிட்டாராம். புத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவரும், அவரைப் போலவே வேலையை விட்ட மஸ்தான் என்பவரும் சேர்ந்து ஒரு சிறு பத்திரிகை தொடங்கப் போகிறார்களாம். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, ஒரு பாதி தமிழ், மறுபாதி தெலுங்கு. என்னிடம் அவர் அறிவுரை கேட்கவில்லை. தமிழ்ப் பக்கத்துக்குப் பிழை திருத்த ஆள் வேண்டும், வருகிறீர்களா என்றார். மேடையில் மறுமலர்ச்சி பேசிய யாரும் கேட்காத கேள்வி அது. வருகிறேன் என்றேன்.

முதல் இதழில் ஒரு ஊரின் குடிநீர்த் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தார்கள். ரிப்பன் வெட்டிப் பல மாதம் ஆகிறது, தண்ணீர் வரவில்லை என்று. பார்கவி போய்க் குழாயைத் திறந்து பார்த்து எழுதிய செய்தி.

வியாழக்கிழமை காலை, நான் மாடியில் உட்கார்ந்து ஒற்றுப் பிழைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அந்த ஊர் சர்பஞ்சின், அதாவது ஊராட்சித் தலைவியின், கணவர் படியேறி வந்தார். சர்பஞ்ச் வீட்டில் இருப்பார், இவர்தான் வெளியே சர்பஞ்ச். கையில் சுருட்டிய பத்திரிகை, முழங்கைக்கு மேல் மடித்த சட்டை. மஸ்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. செய்தி பொய், கேஸ் போடுவேன் என்றார்.

"தண்ணி வருது. நீ எப்பம்மா பாத்தே?"

"திங்கக்கிழமை, சார். அன்னிக்கு வரல" என்றார் பார்கவி.

"புதங்கிழமை வந்துச்சு. ஊரே புடிச்சிக்கினு கீது. போய்ப் பாரு."

பார்கவி குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

"இன்னிக்கே போய்ப் பாக்கறேன் சார். வந்தா, தண்ணி வந்துச்சுன்னு அடுத்த வாரம் இதே எடத்துல போடறோம்."

"பேப்பர்ல வந்ததால வந்துச்சுன்னு போடக் கூடாது."

"போட மாட்டோம் சார். செவ்வாக்கிழமை பேப்பர் வந்துச்சு, புதங்கிழமை தண்ணி வந்துச்சுன்னு மட்டும் போடறோம்."

அவர் யோசித்தார். அதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. அதில் பொய் என்று ஒரு வார்த்தையையும் அவரால் காட்ட முடியவில்லை. மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, திரும்பிப் பார்த்து, தண்ணீர் புதன்கிழமை காலையிலேயே வந்துவிட்டது, அதையும் மறக்காமல் போடுங்கள் என்றார்.